படம் பிராட்வேயில்... ஹீரோ சிறையில்! பாகவதரைக் காப்பாற்றியது புகழா, பணமா?

ஒரு பெரிய நடிகர் மேல கேஸ்னு போன்ல நோட்டிஃபிகேஷன் வந்தா போதும். அடுத்த அஞ்சாவது நிமிஷம் கமென்ட் பாக்ஸ்ல ரெண்டு கட்சி ரெடியாகிடும். காசு இருக்கு, எப்படியும் வெளிய வந்துடுவார்னு ஒரு கட்சி. பேர் இருக்கிறதாலதான் இவரைக் குறிவெச்சுத் தூக்கியிருக்காங்கன்னு இன்னொரு கட்சி. இந்தச் சண்டை நமக்குப் புதுசு இல்லை பாஸ். 80 வருஷத்துக்கு முன்னாடி மொத்த மெட்ராஸும் இதையேதான் பேசிக்கிட்டு இருந்துச்சு. காரணம், தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் எம்.கே.தியாகராஜ பாகவதர்.

தாத்தா, பாட்டி இருந்தா அவர் பேரைச் சொல்லிப் பாருங்க. முதல்ல அந்தக் குரல் ஞாபகம் வரும். அடுத்து தோள் வரைக்கும் புரளும் அந்த முடி. பாகவதர் கிராப்னு பேரே வெச்சு, ஊர் ஊரா இளைஞர்கள் வளர்த்துக்கிட்டுத் திரிஞ்ச ஹேர்ஸ்டைல் அது.

நகைப் பட்டறையிலிருந்து...

1910 மார்ச் 1-ம் தேதி மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) பிறந்தார் தியாகராஜன். பொற்கொல்லர் குடும்பம். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி. பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்கு வந்தது. பையனுக்குப் படிப்பு ஏறலை, பாட்டுதான் ஏறுச்சு. ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர் நாடகப் பைத்தியம். அவர் இந்தச் சிறுவனின் குரலைக் கேட்டு, ஹரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏற்றினார். அப்புறம் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையான சங்கீதப் பயிற்சி.

1934-ல் இயக்குநர் கே.சுப்ரமணியம் எடுத்த பவளக்கொடிதான் முதல் படம். 1937-ல் வந்த சிந்தாமணி ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி என வரிசையாக வெற்றி. பாபநாசம் சிவனின் பாட்டும் இவர் குரலும் சேர்ந்தா, கிராமபோன் இருக்கும் வீட்டு வாசல்ல தெருவே கூடும். வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா, பங்களா... நகைப் பட்டறையில் வளர்ந்த பையனின் வாழ்க்கை தலைகீழாக மாறியிருந்தது.

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் ரிலீஸ். மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. ஆனா, அதுல ரெண்டு தீபாவளியை அதோட ஹீரோ கழிச்சது ஜெயிலில்!

கவர்னர் வரைக்கும் போன மனு

அந்தக் காலத்து கிசுகிசு சேனல்னு ஒண்ணைச் சொல்லணும்னா, அது சினிமா தூது. நடத்தியவர் லட்சுமிகாந்தன். நடிகர், நடிகைகளின் படுக்கையறைக் கதைகள்தான் சரக்கு. பத்திரிகை சூடா வித்துச்சு. எழுதாம இருக்கக் காசு கேட்டார் என்கிற புகாரும் அவர் மேல இருந்துச்சு.

சினிமாக்காரங்க என்ன செஞ்சாங்க? பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். அது உலகப் போர் காலம். பத்திரிகை நடத்த அரசு அனுமதி வேணும். அந்த அனுமதி ரத்தானது, சினிமா தூது நின்னு போச்சு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. தன்னைப் பற்றித் தப்பா எழுதுறாங்கன்னு ஒரு சாதாரண குமாஸ்தா மனு போட்டிருந்தா, அது கவர்னர் மேஜைக்குப் போயிருக்குமா? புகழ் திறந்துவிட்ட முதல் கதவு இது. ஆனா, பின்னாடி பெரிய வினையானதும் இதே மனுதான். லட்சுமிகாந்தன் மேல இவங்களுக்குக் கோபம் இருந்துச்சு என்பது ஊருக்கே தெரிஞ்ச விஷயமாகிடுச்சு. லட்சுமிகாந்தனும் ஓயலை. இந்து நேசன்னு வேற ஒரு பத்திரிகையில் அதே வேலையைத் தொடர்ந்தார்.

வேப்பேரியில் ஒரு ரிக்‌ஷா

1944 நவம்பர் 8. வேப்பேரி பகுதியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். டிசம்பரில் பாகவதர், என்.எஸ்.கே., ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைது. கொலைக்குப் பின்னால் இருந்த சதியில் இவங்களுக்குப் பங்கு உண்டு என்பது குற்றச்சாட்டு.

பாகவதரின் பங்களாவும் பேரும் போலீஸை வாசல்லயே நிறுத்தலை. போர் நிதிக்காக அரசுக்குக் கச்சேரிகள் பண்ணிக் கொடுத்தவர் அவர். அந்த நெருக்கமும் கைகொடுக்கலை.

விசாரணை மெட்ராஸ் ஹைகோர்ட்டில் நடந்தது. அப்போ ஜூரி முறை இருந்துச்சு. அதாவது, ஊரில் இருக்கும் சாதாரண ஆட்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து உட்கார வைப்பாங்க. சாட்சிகளைக் கேட்டுட்டு, குற்றவாளியா இல்லையான்னு அவங்க சொல்லணும். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரே அப்ரூவராக மாறி சாட்சி சொன்னார். ஜூரிகள் ஒருமனதாக இல்லை, பெரும்பான்மைதான். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். 1945 மே 3-ம் தேதி, பாகவதருக்கும் என்.எஸ்.கே-வுக்கும் ஆயுள் தண்டனை விதித்தார் நீதிபதி மாக்கெட்.

அந்த ஜூரிகளின் நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கூண்டில் நிற்பவரின் முகத்தை அவங்க திரையில் பார்த்திருப்பாங்க, பாட்டைக் கேட்டிருப்பாங்க, கிசுகிசுவையும் படிச்சிருப்பாங்க. முன்பின் தெரியாத ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய வெறும் பார்வை ஒரு நட்சத்திரத்துக்குக் கிடைக்கிறது கஷ்டம். புகழ் சாதகமா மட்டும் வேலை செய்யாது.

ஹைகோர்ட்டில் இருந்து பிராட்வே நடந்து போற தூரம். தீர்ப்பு வந்த பிறகும் அங்கே ஹரிதாஸ் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. டிக்கெட் வாங்கி அழுதுட்டு வந்த ஜனங்க, ஹீரோ எப்போ வருவார்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

லண்டனுக்கு டிக்கெட் யாருக்கு?

ஹைகோர்ட்டில் செய்த அப்பீலும் 1945-லேயே தள்ளுபடி. பெரும்பாலான கைதிகளின் கதை இந்த இடத்தில் முடிஞ்சிடும். பாகவதர், என்.எஸ்.கே. கதை முடியலை. அதுக்கு மேல லண்டனில் பிரிவி கவுன்சில் இருந்துச்சு. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கு அதுதான் கடைசிக் கோர்ட்.

அங்கே போறதுன்னா சும்மா இல்லை. வழக்குக் கட்டுகள் மொத்தத்தையும் தயார் செஞ்சு கடல் தாண்டி அனுப்பணும். அங்கேயே வக்கீல் வைக்கணும். டி.என்.பிரிட் என்ற பெயர்பெற்ற வழக்கறிஞர் இவர்களுக்காக வாதாடினார். இங்கே என்.எஸ்.கே-யின் மனைவி டி.ஏ.மதுரம், கணவரை மீட்க ஓயாமல் அலைந்தார். பிரிவி கவுன்சில் வழக்கைத் திரும்பவும் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கே அனுப்பியது. இந்த முறை வாதாடியவர் வி.எல்.எத்திராஜ். ஆமாம், சென்னை எத்திராஜ் காலேஜை ஆரம்பிச்ச அதே எத்திராஜ்தான். 1947 ஏப்ரலில் ரெண்டு பேரும் நிரபராதிகள் எனத் தீர்ப்பு வந்தது. சுதந்திரத்துக்கு நாலு மாசம்கூட இல்லை.

பணம் இங்கே என்ன செஞ்சுதுன்னு பாருங்க. கைதைத் தடுக்கலை. ஜூரியின் மனசை மாத்தலை. முதல் அப்பீலையும் ஜெயிக்க வைக்கலை. ஆனா, வழக்கை இன்னொரு தடவை கேளுங்கன்னு சொல்லுற இடம் வரைக்கும் அதுதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த இடத்தில்தான் நியாயம் கிடைச்சது. இதே மாதிரி ஒரு அப்ரூவர் சாட்சியால, இதே மாதிரி பெரும்பான்மைத் தீர்ப்பால தண்டிக்கப்பட்ட ஒரு ரிக்‌ஷாக்காரருக்கு லண்டன் எங்கே இருக்குன்னுகூடத் தெரிஞ்சிருக்காது. பாகவதருக்குக் கிடைச்சது சலுகை இல்லை, எல்லாருக்கும் கிடைச்சிருக்க வேண்டிய ஒண்ணு. அதுக்கு இவ்வளவு பெரிய விலை இருந்ததுதான் பிரச்னை.

விடுதலைக்கு அப்புறம்...

ரெண்டு வருஷத்துக்கும் மேல உள்ளே இருந்துட்டு வெளிய வந்தார் பாகவதர். ஒப்பந்தமான படங்கள் கையை விட்டுப் போயிருந்துச்சு. வழக்குச் செலவு சொத்தைக் கரைச்சிருந்துச்சு. சினிமாவும் மாறியிருந்துச்சு. வசனம் வளர்ந்து, பாட்டு குறைய ஆரம்பிச்ச காலம் அது. 1948-ல் சொந்தமா எடுத்த ராஜமுக்தி ஓடலை. அமரகவி, சியாமளா, புதுவாழ்வு... எதுவும் பழைய இடத்துக்கு அவரைக் கொண்டுபோகலை. மொத்தம் 14 படங்கள். அதில் சிறைக்கு முன்னாடி 9, பின்னாடி 5. கடைசிப் படமான சிவகாமி வெளியானபோது அவரே இல்லை.

அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை. ஆனா, கலைவாணர் எழுந்து நின்னார். அண்ணா எழுதிய நல்லதம்பி உட்படப் படங்கள் கொடுத்தார். பாகவதரால் முடியலை. சர்க்கரை நோய் உடம்பை அரிச்சது, பார்வை மங்கியது. கச்சேரிகளில் மட்டும் அந்தக் குரல் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. 1959 நவம்பர் 1-ம் தேதி, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயசு 49 தான். 15 வருஷத்துக்கு முன்னாடி லட்சுமிகாந்தன் உயிர்விட்டதும் அதே ஆஸ்பத்திரியில்தான். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது பாகவதரின் நினைவிடம்.

இந்தக் கதையில் நாம வசதியா மறந்துடுற ஒருத்தர் அந்த லட்சுமிகாந்தன். எழுதியது கேவலமா இருக்கலாம், அதுக்காக நடுரோட்டில் குத்தலாமா? அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்னிக்கும் விடை கிடைக்காத கேள்வி. நட்சத்திரங்களின் வழக்குன்னே பேசிப் பேசி, அது ஒரு மனிதனின் கொலை வழக்கு என்பதே மறந்துபோச்சு.

அடுத்த முறை ஒரு செலிபிரிட்டி கேஸ் டிரெண்ட் ஆகும்போது, அவர் வெளிய வருவாரா மாட்டாரான்னு பந்தயம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அதே பிரிவில், அதே ஜெயிலில், வக்கீலுக்குக் காசில்லாம உட்கார்ந்திருக்கும் பேர் தெரியாத ஒருத்தருக்கும் ரெண்டாவது தடவை கதவு திறக்குமா?