பட்டம் செல்லாது என்றார்கள், கண்டுபிடிப்பு நிலைத்தது: மிக்கைல் ஸ்வெட்

பேராவில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஆலையில் பிழியும் எண்ணெய் சிவப்பாக இருக்கும். ஈப்போ கடைகளில் வாங்கும் சமையல் எண்ணெயோ வெளிர்மஞ்சள். சுத்திகரிக்கும்போது ஒருவகைக் களிமண் நிறப்பொருளில் ஒரு பகுதியைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. மிச்சத்தைச் சூடு அழிக்கிறது.

இப்படி ஒட்டும் தன்மையைக் கொண்டே ஒரு கலவையைப் பிரிக்கலாம் என்று காட்டியவர் மிக்கைல் ஸ்வெட். அந்தச் சிவப்பைத் தரும் பொருள்களுக்குக் கெரோட்டினாய்டு என்று 1911இல் பெயர் வைத்தவரும் அவரே.

1872இல் இத்தாலியின் அஸ்தி நகரில் பிறந்தார். தந்தை ரஷ்யர். இத்தாலியரான தாய், மகன் பிறந்த சிறிது காலத்திலேயே இறந்துவிட்டார். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஸ்வெட், 1896இல் ஜெனீவாவில் முனைவர் பட்டம் பெற்றார். தந்தையின் நாட்டுக்கு வேலை தேடிப் போனபோது, வெளிநாட்டுப் பட்டம் அங்கே செல்லாது என்றனர். அவர் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் ஆய்வேடு எழுதி, 1901இல் கசானில் முதுநிலைப் பட்டம் வாங்கினார்.

பின்னர் வார்சாவில் பணியாற்றினார். 1903இல் அங்கே தம் முறையை விளக்கி உரையாற்றினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத்தூளை இறுக்கி நிரப்பி, இலைச்சாற்றை மேலே ஊற்றி, கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தார். வலுவாக ஒட்டும் பொருள் மேலேயே தங்கியது, தளர்வாக ஒட்டுவது கீழே இறங்கியது. பச்சை என்று நாம் பார்க்கும் சாறு, பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனி வளையங்களாகப் பிரிந்தது. கெரோட்டின் முதலில் வெளியேறியது. இந்த வரிசை மாறாதது என்பதால், எது முன்னே வரும், எது பின்னே வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. இந்த முறைக்கு 1906இல் குரோமத்தோகிராபி என்று பெயரிட்டார்.

அக்காலப் பெரிய வேதியியலாளர்கள் பலர் நம்பவில்லை. தூளில் ஒட்டும்போது நிறப்பொருளே மாறிவிடுமோ என்று சந்தேகித்தனர். 1915இல் போர் வார்சாவை நெருங்கியதால், அவர் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார். 1919இல் ரஷ்யாவின் வரோனெஷ் நகரில் 47 வயதில் மறைந்தார். அவர் முறைக்கு மறுவாழ்வு கிடைத்தது 1931இல்தான். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ரிச்சர்ட் கூனின் ஆய்வுக்கூடம் அதே வழியில் கெரோட்டினைப் பிரித்துக் காட்டியது.

இன்று எந்தப் பொருள் எவ்வளவு ஒட்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்கிறார்கள். கோவிட் காலத்தில் வீடுகளில் பார்த்த ஆக்சிஜன் கருவியும், நுண்துளைப் பொருளில் நைட்ரஜனைப் பிடித்துவைத்துத்தான் ஆக்சிஜனைத் தருகிறது.

வெளியூரில் படித்துவிட்டு, பட்டத்துக்கு அங்கீகாரம் கேட்டு அலையும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்கு ஸ்வெட்டின் கதையைச் சொல்லலாம். மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதினார். உலகம் நினைவில் வைத்திருப்பதோ அந்தப் பட்டத்தை அல்ல, சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழாயைத்தான்.