காசிம் ரஸ்வி: ரஜாக்கர் படையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

ஹைதராபாத் வரலாற்றைப் பேசும்போது நம்மில் பலர் தவிர்த்துவிடும் பெயர் காசிம் ரஸ்வி. தவிர்க்காமல் படிக்க வேண்டிய வாழ்க்கை அது.

அலிகரில் படித்து லாத்தூரில் வக்கீலாக இருந்த இவர், பஹதூர் யார் ஜங் 1944-ல் மரணமடைந்த பின், 1946-ல் மஜ்லிஸ் இத்திஹாதுல் முஸ்லிமீன் தலைவரானார். நிஜாம் சமஸ்தானம் இந்தியாவுடன் இணையக் கூடாது என்று ரஜாக்கர் தொண்டர் படையைப் பெருக்கினார். மக்களில் பெரும்பான்மையினர் இந்துக்கள். அவர்களின் கிராமங்களில் அப்படை கொள்ளையிலும் கொலையிலும் இறங்கியது. இணைப்பை ஆதரித்து எழுதிய 'இம்ரோஸ்' ஆசிரியர் ஷுஐபுல்லாஹ் கான் 1948 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அவரும் முஸ்லிம்தான்!

1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. ஐந்தே நாளில் நிஜாம் பணிந்தார். ரஜாக்கர் படை கலைந்தது. ரஸ்வி சிறை சென்றார். 1957-ல் விடுதலையாகி, கட்சியை அப்துல் வாஹித் உவைசியிடம் ஒப்படைத்துவிட்டு பாகிஸ்தான் போனார். 1970-ல் கராச்சியில் இறந்தார்.

அவர் செய்ததற்கு விலை கொடுத்தவர்கள் யார்? அந்த நாட்களிலும் அதன் பின்னரும் 27 ஆயிரம் முதல் 40 ஆயிரம் பேர் வரை மாண்டதாக அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு மதிப்பிட்டது. பெரும்பாலோர் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்கள். அந்தப் பழிவாங்கலும் அநீதியே.

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலை அடிவாரத்திலும் பிற சமூகத்தாரோடு கலந்து வாழும் நமக்கு இதில் படிப்பினை உண்டு. தூண்டிவிட்டவர் எல்லை கடந்து போய்விடலாம். ஊரில் இருக்கப்போவது நாம்தான்.