முட்டைக்கு விலை வாங்கித் தந்த பி.வி. ராவ்: இதயத்துக்கு முட்டை ஆகுமா?

முள்ளுக்குறிச்சி, கொல்லிமலை அடிவார விவசாயிகளே! நாமக்கல் முட்டை விலையைத் தினமும் செய்தியில் பார்க்கிறீர்கள். அந்த விலையைப் பண்ணையாளர்களே கூடி அறிவிக்கும் முறைக்கு வழிசெய்தவர் டாக்டர் பி.வி. ராவ்.

1935-ல் பிறந்த பண்டா வாசுதேவ ராவ், 1971-ல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று பண்ணைகளில் வளர்க்கப்படும் பி.வி.300 முட்டைக்கோழி அந்த நிறுவனத்தின் ரகமே.

1980-களின் தொடக்கத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. தீவனச் செலவுக்கே கட்டாமல் பலர் பண்ணையை மூடினார்கள். ராவ் ஊர் ஊராகச் சென்று பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசினார். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. விலையை முடிவு செய்வதோடு, முட்டை சாப்பிடச் சொல்லி மக்களிடம் பிரசாரமும் செய்தது. 1990-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1996-ல் காலமானார்.

அந்தப் பிரசாரத்துக்கு எதிரே ஒரு பயம் நின்றது. முட்டை தின்றால் மாரடைப்பு வரும் என்ற பயம் அது. அமெரிக்க இதயச் சங்கம் 1968-ல் வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. இன்றும் கூண்டு நிறைய முட்டையை லாரியில் ஏற்றிவிட்டு, வீட்டில் மஞ்சள் கருவை ஒதுக்குபவர்கள் நம்மிடையே உண்டு.

விற்பவர் சொல்வதால் மட்டும் நம்ப வேண்டாம். உண்மை இதுதான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும், ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும் உள்ளன. நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவில் அதிகம் வந்தால், பெரும்பாலோருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது ஒரு முட்டையில் சுமார் ஒன்றரை கிராம்தான். நெய், வனஸ்பதி, பாமாயில் பலகாரம் ஆகியவற்றில்தான் அதிகம். 2015-ல் அமெரிக்க உணவு வழிகாட்டுதலும் தினசரி கொலஸ்ட்ரால் வரம்பை நீக்கியது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• நல்ல உடல்நலம் உள்ளவர்கள் நாளைக்கு ஒரு முட்டை வரை சாப்பிடலாம்.
• அவித்துச் சாப்பிடுங்கள். எண்ணெய் ஊற்றிப் பொரித்து, பரோட்டாவோடு சேர்த்தால் நன்மை போய்விடும்.
• சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கீரை, பருப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டையில் நார்ச்சத்து இல்லை. அதை இவை ஈடுசெய்யும்.
• சர்க்கரை நோய், இதய நோய், அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.
• பீடி, சிகரெட்டை விடாமல் மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்குவதால் இதயம் தப்பாது. உப்பைக் குறையுங்கள்; ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராவ் முட்டைக்கு விலை வாங்கித் தந்தார். அந்த முட்டையில் ஒன்றை உங்கள் வீட்டுப் பிள்ளை தட்டிலும் வையுங்கள்.