ஏடு தேடி வந்த சீன யாத்திரிகர்

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் யுவான் சுவாங் என்ற பெயரை நம்மில் பலர் படித்திருப்போம். ஹர்ஷர் காலத்தில் வந்த சீன யாத்திரிகர் என்று பரீட்சையில் எழுதியதோடு அவரை மறந்தும் இருப்போம். ஆனால் பாரத நாட்டு நூல்கள் பலவற்றை அழியாமல் காத்தவர் அவர். அந்த வகையில் நாம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள்.

கி.பி. 602 அளவில் லோயாங் நகருக்கு அருகே பிறந்த இவர், சிறுவயதிலேயே பௌத்தத் துறவியானார். சீன மொழியில் இருந்த பௌத்த நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் கண்டு, மூல நூல்களையே தேடிப் படிக்க முடிவு செய்தார். நாட்டைவிட்டு வெளியேற அரசாங்கத் தடை இருந்தது. ஆயினும் 629 அளவில் இரகசியமாகப் புறப்பட்டு, பாலைவனத்தையும் பனிமலைகளையும் கடந்து நாளந்தாவை அடைந்தார். அங்கே முதியவரான சீலபத்திரரிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டார். பின்னர் தெற்கே காஞ்சிபுரம் வரை வந்தார். சீலபத்திரரின் குருவான தர்மபாலர் பிறந்த ஊர் அதுவே என்று தம் நூலில் எழுதிவைத்தவரும் இவரே.

நூல்களைக் காப்பதில் இரு நாட்டாருக்கும் இருவேறு வழிகள் இருந்தன. பாரதத்தில் குரு சொல்லச் சீடர் மனனம் செய்வது முறை. வேதத்தைப் பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை மாற்றி மாற்றி அடுக்கி ஓதியதால் ஓர் எழுத்தும் பிசகவில்லை. மற்ற நூல்கள் ஓலையில் இருந்தன. ஓலையைச் செல்லும் ஈரமும் அரிக்கும். காலந்தோறும் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதாவிட்டால் நூலே போய்விடும். சீனரோ காகிதத்தில் பல பிரதிகள் எழுதினர். எந்த நூலை யார், எப்போது மொழிபெயர்த்தார் என்று அட்டவணை வைத்தனர். பீஜிங்கிற்குத் தென்மேற்கே ஃபாங்ஷான் மலையில் கற்பலகைகளிலேயே நூல்களை வெட்டி வைத்தனர்.

திரும்பும் வழியில் சிந்து நதியைக் கடக்கும்போது சில ஏடுகள் ஆற்றோடு போயின. யுவான் சுவாங் மனம் தளராமல், அவற்றின் பிரதிகளைத் தேடி ஆள் அனுப்பினார். 645-இல் 657 நூல்களுடன் தலைநகர் சாங்ஆனை அடைந்தார். பேரரசர் தர முன்வந்த பதவியை மறுத்து, மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். மூலத்தோடு ஒப்பிட ஒருவர், நடையைத் திருத்த ஒருவர், எழுத ஒருவர் என்று பணி நடந்தது. 664-இல் மறையும் வரை, சுமார் 19 ஆண்டுகளில் 75 நூல்களை 1335 சுருள்களாக முடித்தார். ஏடுகளை வைக்க 652-இல் அவர் எழுப்பிய கோபுரம், பின்னாளில் திருத்திக் கட்டப்பெற்று இன்றும் சியான் நகரில் நிற்கிறது.

1200-ஐ ஒட்டிய காலத்தில் நாளந்தா அழிந்தது. அதன் நூல்களில் பல மறைந்தன. சந்திரமதி எழுதிய தசபதார்த்த சாஸ்திரம் என்ற வைசேஷிக நூலின் சமஸ்கிருத மூலம் இன்று இல்லை. இவரது சீன மொழிபெயர்ப்பில்தான் வாழ்கிறது. காஞ்சித் தர்மபாலரின் கருத்துக்கள் பலவற்றையும் இன்று சீன மொழியில்தான் அறிகிறோம். நாளந்தா இருந்த இடத்தைப் பின்னாளில் ஆய்வாளர்கள் அடையாளம் காண உதவியதும் இவருடைய பயணக் குறிப்பே.

ஓதுவார் இருந்ததால் வேதம் நின்றது. ஓதுவாரும் பெயர்த்தெழுதுவாரும் இல்லாத நூல் பிறந்த மண்ணிலேயே மறைந்தது. அயல்நாட்டார் ஒருவரின் உழைப்பால் வேற்று மொழியில் பிழைத்தது. கடல் கடந்து வாழும் நமக்கு இதில் பாடம் உண்டு. அலமாரியில் திருமுறைப் புத்தகம் இருந்தால் மட்டும் போதாது. நம் பிள்ளைகள் அதை வாய்விட்டு ஓதவும், தமிழில் எழுதவும், பொருள் சொல்லவும் பழக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு அது போய்ச் சேரும்.