ஆறாவது இடத்துல நிக்காதவர்

ஜவ்வாது மலைக்கு ஒரு தடவையாவது போயிருக்கீங்களா? என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கோ, காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கவோ, பீமன் அருவியில குளிக்கவோ? வளைவு வளைவா பஸ் ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு கட்டத்துல ஏத்தம் நின்னு போய், சமதளமும் சாமை வயலும் வந்துடும். மலை அவ்வளவுதான்னு தோணும். ஆனா சுத்திப் பாத்தா, அதுக்கும் மேல முகடுகள் நின்னுட்டு இருக்கும்.

உடற்பயிற்சியிலயும் இந்த மாதிரி ஒரு சமதளம் வரும். ஹாஸ்டல் ஜிம்ல சேர்ந்த முதல் மாசம் 10 புஷ்-அப் 25 ஆகும். அப்புறம் ரெண்டு மாசம் ஆனாலும் 25தான். நம்மள்ல பாதிப் பேர் ஜிம்மை விடுறது அங்கதான். நீங்களும் இப்ப அங்க நிக்கிறீங்கன்னா, கஷாபா தாதாசாகேப் ஜாதவ் கதையைக் கேளுங்க.

மகாராஷ்டிராவில் சதாரா மாவட்டம், கராட் பக்கத்துல கோலேஷ்வர்னு ஒரு கிராமம். 1926 ஜனவரி 15-ல் அங்கே பிறந்தார். அப்பா மல்யுத்த வீரர். அதனால அஞ்சு வயசுலயே மண் களத்துல இறங்கிட்டார். ஆள் குள்ளம், உடம்பும் சின்னது. ஆனா பிடி போட்டார்னா எதிராளி எழுந்திரிக்க முடியாது.

1948-ல் லண்டன் ஒலிம்பிக். கோலாப்பூர் மகாராஜா பண உதவி செய்ய, 52 கிலோ பிரிவில் போட்டியிட்டார். அங்க போனா களமே வேற. மண்ணுக்குப் பதிலா மெத்தை விரிப்பு, பழக்கமில்லாத சர்வதேச விதிகள். அப்படியும் ஆறாவது இடம் பிடிச்சார். நம்ம நாட்டு மல்யுத்தத்துக்கு அது பெரிய விஷயம். அதோட திருப்திப்பட்டு ஊர் திரும்பியிருந்தா, யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க.

அவர் திருப்திப்படல. அடுத்த நாலு வருஷம் பயிற்சியை இன்னும் கடுமையாக்கினார். எடைப் பிரிவையும் மாத்தினார்: 52-லிருந்து 57 கிலோ. அதாவது, தன்னைவிடக் கனமான ஆட்களோட மோதுறதை அவரே தேர்ந்தெடுத்தார்.

இதுல இருக்கிற அறிவியல் எளிமையானது. உடம்பு நாம கொடுக்கிற சுமைக்குப் பழகிக்கும். அதே எடை, அதே எண்ணிக்கை, அதே வரிசைன்னு தினமும் செஞ்சா, மேலும் வலுவாக அதுக்குக் காரணமே இல்லை. சுமையையோ, வேகத்தையோ, பயிற்சி வகையையோ கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். ஓய்வும் தூக்கமும் முக்கியம், தசை தேறி வர்றது அந்த நேரத்துலதான்.

ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போறதே ஒரு போராட்டம். சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தனக்கு வேணும்னே ஒரு புள்ளி குறைச்சுட்டாங்கன்னு புகார் சொன்னார். பட்டியாலா மகாராஜாகிட்ட முறையிட்டு, மறுபடி தேர்வுப் போட்டி நடந்து, ஜெயிச்சுத்தான் அணிக்குள்ள வந்தார். பயணச் செலவுக்குப் பணம் இல்ல. ஊர்க்காரங்க வீடு வீடா வசூல் பண்ணினாங்க. அவர் படிச்ச ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர், தன் வீட்டையே 7,000 ரூபாய்க்கு அடமானம் வெச்சார். ஒரு மாணவனுக்காக நம்ம பிரின்சிபால் வீட்டை அடகு வைக்கிறதை யோசிச்சுப் பாருங்க!

1952 ஜூலை. கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை வரிசையா வீழ்த்தினார். ஜப்பானின் ஷோஹாச்சி இஷியோட நடந்த நீண்ட ஆட்டத்துல தோத்துட்டார். களைச்சுப் போயிருந்த அவரை உடனே சோவியத் வீரரோட மோதச் சொன்னாங்க. இடையில அரை மணி நேரம் ஓய்வு தரணும்னு விதி இருக்கு. அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருத்தர்கூட பக்கத்துல இல்ல. அந்த ஆட்டமும் போச்சு. கிடைச்சது வெண்கலம். இஷி தங்கம் வென்றார்.

சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்தது வர 44 வருஷம் ஆச்சு, 1996-ல் லியாண்டர் பயஸ் மூலமா. கராட் ரயில் நிலையத்துல நூத்துக்கும் மேல மாட்டு வண்டிகளோட அவரை ஊர்வலமா அழைச்சுட்டுப் போனாங்க. ஊருக்கு வந்ததும் அவர் செஞ்ச முக்கியமான வேலை என்ன தெரியுமா? மல்யுத்தப் போட்டிகள் நடத்தி, அந்த வருமானத்துல முதல்வரோட வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

1955-ல் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். கடைசிக் காலத்துல பென்ஷனுக்கே அலைய வேண்டியிருந்தது. 1984 ஆகஸ்ட் 14-ல் சாலை விபத்துல இறந்தார். அர்ஜுனா விருது அவர் மறைவுக்குப் பிறகுதான் வந்தது. இப்ப டெல்லியில ஒரு மல்யுத்த அரங்கத்துக்கு அவர் பேர் இருக்கு.

மறுபடி உங்க 25 புஷ்-அப்புக்கு வருவோம். நாளைக்கு 26 போட முடியலைன்னா, காலை கட்டில் மேல வெச்சு 12 போட்டுப் பாருங்க. இல்ல, மெதுவா இறங்கி மெதுவா ஏறுங்க. வாரத்துல ரெண்டு நாள் சும்மா இருங்க. மெஸ்ல அந்த முட்டையை மிச்சம் வைக்காதீங்க. ஒரு மாசம் கழிச்சு எண்ணிப் பாருங்க.

அடுத்த தடவை ஜமுனாமரத்தூர்ல பஸ்ஸை விட்டு இறங்கினா, சமதளத்துல நின்னு போட்டோ எடுங்க, தப்பில்ல. எடுத்து முடிச்சதும் எதிர்ல தெரியுற முகட்டைப் பாத்து ரெண்டு அடி நடங்க.