மூணு ஆஸ்பத்திரியையும் பார்த்துக்குவேன்னு சொன்ன பத்தமடைக்காரர்

பத்தமடைன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது பாய்தான். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, பட்டுத்துணி மாதிரி மடிக்கிற அளவுக்கு மெல்லிசா நெய்யிற ஊர். அந்த ஊரில் 1887 செப்டம்பர் 8 அன்று பிறந்த குப்புசாமியை உலகம் சுவாமி சிவானந்தர் என்று அறியும். ரிஷிகேஷ், யோகா, ஆசிரமம் எல்லாம் தேடினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஆளை. வேலை தேடிக் கப்பலேறிய டாக்டர் குப்புசாமியை. பிளேஸ்மென்ட் நேரத்தில் நாம தெரிஞ்சுக்க வேண்டிய ஆள் அவர்.

அப்பா வேங்கு ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் தாசில்தார், அம்மா பார்வதி அம்மாள். எட்டயபுரத்தில் பள்ளிப்படிப்பு, திருச்சி எஸ்.பி.ஜி. கல்லூரியில் கொஞ்ச காலம், பிறகு தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. கல்லூரி நாட்களில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பெண் வேடம் கட்டியிருக்கிறார் என்பது கூடுதல் தகவல்!

தஞ்சாவூரில்தான் ஆள் யாருன்னு தெரியுது. லீவு விட்டால் மற்ற பையன்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் போகமாட்டார், ஆஸ்பத்திரியிலேயே கிடப்பார். அதனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் தாராளமாகப் போய்வர அனுமதி கிடைத்தது. கடைசி வருஷ மாணவர்கள் திணறுகிற கேள்விக்கு முதல் வருஷத்திலேயே பதில் சொன்னாராம். கடைசி பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுற நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அப்பா இறந்தபின் வீட்டு நிலைமை மாறியது. 1909-ல் அம்மா கொடுத்த நூறு ரூபாயை முதலாகப் போட்டு 'அம்புரோசியா' என்ற மருத்துவ இதழைத் தொடங்கினார். கட்டுரைகள் போதாதபோது வேறுவேறு புனைபெயர்களில் தானே எழுதி நிரப்பினார். (நம்ம இதழுக்கும் இந்த ரகசியம் தெரியும்.) பெரிய வருமானம் இல்லை. சென்னையில் டாக்டர் ஹாலரின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கணக்கு எழுதணும், மருந்து கலக்கணும், நோயாளியையும் பார்க்கணும். எல்லாம் ஒரே ஆள்.

1913-ல் மலாயாவுக்குக் கப்பலேறினார். கப்பல் சாப்பாட்டில் அசைவம் கலந்திருக்குமோ என்ற பயத்தில், அம்மா கட்டிக்கொடுத்த பலகாரத்தையும் தண்ணீரையும் வைத்தே பயணம். கரையிறங்கும்போது பாதி உயிர்தான் மிச்சம். அறிமுகக் கடிதத்தோடு சிரம்பானில் டாக்டர் பார்சன்ஸைப் போய்ப் பார்த்தார். அவரிடம் காலி இடம் இல்லை. ஆனாலும் ஆளைப் பிடித்துப்போய், ரப்பர் தோட்ட மேலாளர் ராபின்ஸிடம் அனுப்பிவைத்தார்.

ராபின்ஸ் ஆஜானுபாகுவான ஆள், முன்கோபி. தோட்டத்து ஆஸ்பத்திரியைத் தனியாக நடத்த முடியுமா என்று கேட்டார். மூன்று ஆஸ்பத்திரி கொடுத்தாலும் பார்த்துக்கொள்வேன் என்று பதில் சொன்னார் குப்புசாமி. வாய்ச்சவடால் மாதிரி தெரியுது, இல்லையா? ஆனா அந்தப் பதிலுக்குப் பின்னாடி தஞ்சாவூர் லீவு நாட்களும் ஹாலர் கடைக் கணக்கும் இருந்துச்சு. அங்கேயே வேலை கிடைத்தது.

அந்தக் காலத்து ரப்பர் தோட்டம்னா மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு. நோயாளிகளில் பெரும்பாலானோர் நம்ம பக்கத்திலிருந்து பிழைக்கப் போன கூலித் தமிழர்கள். காய்ச்சலுக்கு ஒரு டாக்டர், பிரசவத்துக்கு ஒரு டாக்டர் என்றெல்லாம் கிடையாது. வந்த நோய் எதுவானாலும் இவர்தான். மருந்து இருப்பும் கணக்கும் இவர் பொறுப்பு. குணமாகி வீட்டுக்குப் போகிற ஏழைகளின் கையில் தன் காசையும் கொடுத்து அனுப்புவார். ஒரு கட்டத்தில் வேலைப்பளு தாங்காமல் ராஜினாமா கொடுத்தார், ராபின்ஸ் விடவில்லை. அங்கே ஏறக்குறைய ஏழு வருஷம். பிறகு ஜொகூர் பாருவில் பார்சன்ஸ், கிரீன் ஆகிய டாக்டர்களுடன் மூன்று வருஷம்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். வேலையில்லாமல் வந்து நின்ற இளைஞர்களைத் தன் ஆஸ்பத்திரியிலேயே வைத்து தினமும் வேலை கற்றுக்கொடுத்தார். கற்றுத் தேறியதும் சிபாரிசுக் கடிதம் எழுதி வேறு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். ரயில் கட்டணமும் கைச்செலவும் அவர் பாக்கெட்டிலிருந்துதான். ஒரு கடிதத்தோடு அந்நிய ஊரில் கதவு தட்டியவருக்கு, அந்தக் கடிதத்தின் அருமை தெரியாமலா இருக்கும்? அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம் என்று நாம் இன்னைக்குப் புலம்புற அதே முடிச்சை, நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள்ள அவர் தனக்குத் தெரிஞ்ச வழியில அவிழ்த்திருக்கார். புத்தகங்களும் எழுதினார். வீட்டு வைத்தியம், பிரசவம், பொதுச் சுகாதாரம் பற்றி எழுதியதோடு, நோய்களுக்கான தமிழ்ச் சொற்களுக்கே தனியாக ஒரு நூல். நோயாளி சொல்றது டாக்டருக்குப் புரியணுமே!

கை நிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் 1923-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். ஏன் என்பதற்கு ஆளாளுக்கு விளக்கம் உண்டு, அதுக்குள்ள நான் போகல. 1924 ஜூன் 1 அன்று ரிஷிகேஷில் சந்நியாசம். ஆனால் டாக்டர் போகவில்லை. 1927-ல் தன் இன்சூரன்ஸ் பணத்தை வைத்து லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். பத்ரிநாத் யாத்திரைப் பாதை அது.

ஒருநாள் ஒரு யாத்திரிகருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். அதைவிடப் பொருத்தமான மருந்து ஒன்று இருக்கிறதே என்று பிறகுதான் தோன்றியது. மறுநாள் விடிந்ததும் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் மைல்கணக்கில் ஓடினார். யாத்திரிகரைப் பிடித்து, மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.