முகடும் பள்ளமும் எண்ணிய மேதை

எண்ணி முடியாதனவற்றையும் ஒரு விதிக்குள் அடக்கிக் காணும் ஆற்றல் மிகச் சிலருக்கே வாய்ப்பது. அவ்வாற்றல் வாய்க்கப் பெற்றவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

இவர் 1831ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். கிளென்லேர் என்னும் நாட்டுப்புறத்தில் வளர்ந்தார். எட்டாம் வயதில் அன்னையை இழந்தார். பள்ளியில் உடன் பயின்றோர் இவருடைய உடையையும் பேச்சையும் கண்டு, பேதை எனப் பட்டப்பெயரிட்டு எள்ளினர். இவரோ தம் பதினான்காம் வயதிலேயே வளைகோடுகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1846இல் எடின்பரோ அரச கழகத்தில் பேராசிரியர் போர்ப்ஸ் அதனை இவர் பொருட்டு வாசித்தார்.

கேம்பிரிட்ஜில் கற்றுத் தேர்ந்த இவர், பின்னர் அபர்டீனிலும் இலண்டனிலும் பேராசிரியராய் விளங்கினார். வாயுவின் மூலக்கூறுகள் எண்ணிறந்தன. ஒவ்வொன்றின் வேகத்தையும் அளத்தல் இயலாது. எனினும், எவ்வேகத்தில் எத்துணைப் பங்கு இயங்கும் என்பதைக் கணக்கிடலாம் என 1860இல் காட்டினார். புள்ளியியற் பௌதிகம் தழைக்க இஃது ஒரு வித்தாயிற்று. ஒளியும் மின்காந்த அலையே என்னும் கொள்கையால் இவர் பெற்ற புகழ் உலகறிந்தது.

1870இல் குன்றுகளையும் பள்ளங்களையும் பற்றி ஒரு சிறு கட்டுரை வரைந்தார். நிலம் ஏறாமலும் இறங்காமலும் மட்டமாய் நிற்கும் இடங்கள் மூவகை. அவை முகடு, பள்ளத்தின் அடி, கணவாய் என்பன. இரு முகடுகளுக்கு இடையே தாழ்ந்தும், இரு பள்ளங்களுக்கு இடையே உயர்ந்தும் இருப்பது கணவாய். உலக உருண்டை முழுவதிலும் முகடுகளையும் பள்ளங்களையும் கூட்டிக் கணவாய்களைக் கழித்தால் எஞ்சுவது 2. முகடு 5, பள்ளம் 4 எனின் கணவாய் 7 ஆகும். மலைகள் எத்துணை ஒழுங்கின்றிக் கிடப்பினும் இக்கணக்குப் பிழையாது.

1871இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியராகிக் காவண்டிஷ் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அன்னையைக் கொண்ட நோயே இவரையும் பற்றியது. 1879 நவம்பர் 5ஆம் நாள், 48ஆம் வயதில் மறைந்தார்.

கண்ணாடி போன்ற பொருள்களில் அணுக்கள் இடம் மாறுந்தோறும் ஆற்றல் ஏறி இறங்கும். அதுவும் ஒரு மலைநாடே. ஆனால் அதற்குத் திசைகள் எண்ணற்றவை. பொருள் ஏதேனும் ஒரு பள்ளத்தில் சிக்கி நின்றுவிடும். அப்பள்ளங்கள் எத்தனை என இக்கால அறிஞர் சராசரி முறையால் எண்ணுகின்றனர். 1940களில் மார்க் காக், ஸ்டீபன் ரைஸ் ஆகியோர் வகுத்த வாய்பாடு அதற்குத் துணையாகின்றது. மூலக்கூறு கண்ட கணக்கும் மலை கண்ட கணக்கும் அங்கே ஒன்று கூடுகின்றன.

மாணவர்களே! சிறு பொருளாயினும் ஆழ்ந்து எண்ணுங்கள். அதன் பயன் நூறாண்டு கடந்தும் விளையும்.